கணக்குப் பிழையும் கணினிச் சோதனையும்

நம் சங்கத்தின் குடும்ப நல நிதியைப் பற்றி அங்கத்தினர்கள் அனைவரும் அறிவீர்கள். மாதம் 50 ரூபாய் சந்தா. அங்கத்தினர் காலமானால் அவர் குடும்பத்துக்கு 30,000 ரூபாய். சேர்ந்து 15 ஆண்டுகள் பூர்த்தியாகியிருந்தால் 50,000 ரூபாய். இந்தக் கணக்கைப் போடும் கணினி நிரலை எழுதியவன் அடியேன்தான். 2024-இல் அந்த நிரல் ஒரு குடும்பத்துக்கு 20,000 ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டது. பொதுக்குழுவில் இதை நான் எழுந்து நின்று ஒப்புக்கொண்டாயிற்று. ஆனாலும், அது எப்படி நேர்ந்தது, இனி நேராமலிருக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறேன் என்பதை மலரில் எழுதும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளியில் பைத்தான் படிக்கிறார்கள். பெரியவர்களில் பலர் அதை வைத்துத்தான் சம்பாதிக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் டிப்ளமா படித்தவன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து 2018-இல் ஓய்வு பெற்றேன். கணினி மொழி கற்றது ஓய்வுக்குப் பிறகுதான், பேத்தியின் பதினோராம் வகுப்புப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு. ஆகவே இதில் நான் நிபுணன் இல்லை. நிபுணர்கள் குறை கண்டால் பொறுத்தருள்க.

2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா சங்க அலுவலகத்துக்கு வந்தார். கணவர் மார்ச் 20-ஆம் தேதி காலமாகி, நிதியிலிருந்து 30,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனவர். கையில் மஞ்சளேறிய ரசீதுப் புத்தகம்.

"அண்ணா, அவர் எங்க கல்யாண நாள் அன்னிக்குத்தான் சங்கத்துல சேர்ந்தார். பிப்ரவரி பதினொண்ணு. இந்த வருஷம் பதினஞ்சு முடிஞ்சுதுன்னு அன்னிக்கு என்கிட்ட சொல்லிட்டிருந்தார். கணக்கு நீங்க பார்த்தது, தப்பா இருக்காது. இருந்தாலும் ஒரு தடவை..."

ரசீதில் 11-02-2009 என்று தெளிவாக இருந்தது. கணினியில் பெயரேட்டைத் திறந்தேன். அதிலும் 11-02-2009 என்றே இருந்தது. நிரலை ஓட்டினேன். "பூர்த்தியான ஆண்டுகள் 14" என்றது. எனக்கு வியர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். பழைய நிரல் தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் மட்டுமே ஏற்கும்; வேறு மாதிரி இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். 2024 ஜனவரியில் பெயரேட்டைக் கணினியில் புதிதாக ஏற்றினோம். மூன்று பேர் பகிர்ந்து தட்டச்சு செய்ததால் சில தேதிகள் சாய்கோட்டுடனும், சில ஆண்டு முதலிலுமாக வந்துவிட்டன. நிரல் பத்துப் பெயருக்கு ஒருமுறை நின்றது. எனக்கு எரிச்சல். எந்த வடிவில் தேதி இருந்தாலும் தானே ஊகித்துப் படித்துக்கொள்ளும் டேட்யூட்டில் என்ற நிரல் தொகுப்பு பைத்தானுக்கு உண்டு. பழைய வரி ஒன்றை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். அதன்பின் நிரல் எங்கும் நிற்கவில்லை. மூன்று பேருடைய எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன், மூன்றும் சரி. மூடி வைத்துவிட்டேன்.

அந்தத் தொகுப்பு, வேறு கட்டளை தராவிட்டால், அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும். 25-02-2009 என்று கொடுத்தால், இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் தானே திருத்திக்கொண்டு பிப்ரவரி 25 என்று சொல்லும். 11-02-2009 என்று கொடுத்தாலோ சத்தமில்லாமல் நவம்பர் 2 ஆக்கிவிடும். நான் பார்த்த மூன்று பேரும் மாதத்தில் 12-ஆம் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்கள். ஆண்டின் 365 நாட்களில் இப்படித் தடம் மாறக்கூடியவை 132. மாதத்துக்கு 12 வீதம் 144 நாள். அதில் நாளும் மாதமும் ஒரே எண்ணாக உள்ள 12 நாட்களைக் கழித்தால் வருவது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! மூன்று பேரைப் பார்த்துத் திருப்திப்பட்ட என் புத்தியை என்னவென்று சொல்ல?

அன்றிரவு பெங்களூரில் மென்பொருள் வேலையிலிருக்கும் மாப்பிள்ளையிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"மாமா, அந்த லைனை மாத்தினப்புறம் டெஸ்ட் ஓட்டினீங்களா?"

"மூணு பேருக்குப் போட்டுப் பார்த்தேன் மாப்பிள்ளை."

"அதை டெஸ்ட்டுன்னு சொல்ல முடியாது மாமா. நீங்க சிக்னல்ல இப்படியா பண்ணுவீங்க?"

சுருக்கென்று தைத்தது. சிக்னல் பிரிவில் ஒரு ஒயரை மாற்ற வேண்டுமானாலும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுக்க வேண்டும். வேலை முடிந்தபின், மாற்றிய ஒயரோடு சேர்த்து, அது தொடும் சிக்னல், பாயிண்ட், ட்ராக் சர்க்யூட் எல்லாவற்றையும் அட்டவணையை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்த பிறகுதான் திரும்ப ஒப்படைக்கலாம். இன்னொன்று. மின்சாரம் போனாலும், ஒயர் அறுந்தாலும், ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாக வேண்டும். சந்தேகம் வந்தால் வண்டி நிற்கவேண்டும் என்பதே எங்கள் தொழிலின் அரிச்சுவடி. என் பழைய நிரல் பத்துப் பெயருக்கு ஒருமுறை நின்றதே, அதுதான் சிவப்பு. நான் செய்தது ரிலேயின் குறுக்கே ஒரு துண்டு ஒயரைப் போட்டுப் பச்சை வாங்கிய வேலை. சர்வீஸில் என் கீழிருந்த யாராவது இதைச் செய்திருந்தால் நானே குற்றப் பத்திரிகை கொடுத்திருப்பேன்.

லண்டனில் கிளாப்ஹம் சந்திப்பு விபத்தைப் பற்றிச் சிக்னல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 1988 டிசம்பர் 12; 35 பேர் இறந்தார்கள். சிக்னல் புதுப்பிக்கும் வேலையில் பழைய ஒயர் ஒன்றை முழுவதும் அகற்றாமல், முனையை மூடாமல் விட்டுவிட்டார்கள். வேறொருவர் வந்து ஒயர்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை. வேலை செய்த தொழிலாளி 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வெடுத்திருந்தார். இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிழை செய்த அன்று ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து, பக்கத்து ரிலேயை மாற்றியபோது அந்த ஒயர் நகர்ந்து பழைய இடத்தில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை சிவப்பாக வேண்டிய சிக்னல் சிவப்பாகவில்லை. கோரமண்டலில் ஊருக்குப் போய்வரும் நமக்கு 2023 ஜூன் 2-ஆம் தேதி பாஹாநாகா பஜாரில் நடந்ததை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்கும் விசாரணை அறிக்கை சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் நேர்ந்த தவறுகளைத்தான் சுட்டியது. சங்கக் கணக்கை அத்தோடு ஒப்பிடுவது அதிகம்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு 20,000 ரூபாய் சிறிய தொகை இல்லை. தவிர, அவர் நம் கணக்கின்மேல் வைத்த நம்பிக்கையால் நான்கு மாதம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை சொன்னது யூனிட் டெஸ்ட். அலகுச் சோதனை எனலாம். போத்தனூர் சிக்னல் பட்டறையிலிருந்து ரிலே வருகிறது என்று வையுங்கள். அதை ராக்கில் மாட்டுவதற்கு முன்பே மேஜையில் வைத்து, எத்தனை வோல்ட்டில் எடுக்கிறது, எத்தனையில் விடுகிறது என்று தனியாகப் பார்ப்பார்கள். நிரலிலும் அப்படியே. ஒரு சின்ன வேலையைச் செய்யும் பகுதியைத் தனியே எடுத்து, இன்னது கொடுத்தால் இன்னது வரவேண்டும் என்று எழுதிவைக்கிறோம். எழுதிவைப்பதுதான் முக்கியம். நான் மூன்று பேரைப் பார்த்தது அன்றோடு போயிற்று. எழுதிவைத்த சோதனையோ, நிரலை எப்போது திருத்தினாலும் மறுபடி ஓடும்.

நான் பயன்படுத்தும் எடிட்டர் விஷுவல் ஸ்டுடியோ கோட். மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்டது, இலவசம். இதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எரிக் காமா என்பவர்தான், 1997-இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் போகும்போது, கென்ட் பெக் என்பவரோடு உட்கார்ந்து ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியை எழுதத் தொடங்கியவர். பைத்தானில் உள்ள யூனிட்டெஸ்ட் அதன் வழியில் வந்ததே. விமானத்தில் நமக்குத் தூக்கம்தான் வருகிறது!

எடிட்டரில் பைத்தானுக்கான நீட்சியை நிறுவிக்கொள்ள வேண்டும். பிறகு, நிரல் கோப்பை மட்டும் திறக்காமல், அது இருக்கும் ஃபோல்டரையே திறக்க வேண்டும். நான் முதல் நாள் கோப்பை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் விழித்தேன். அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேலே ஒரு கட்டளைப் பெட்டி வரும். அதில் 'பைத்தான்: கிரியேட் என்விரான்மென்ட்' என்பதைத் தேர்ந்து, வென்வ் என்பதைச் சொன்னால், இந்த வேலைக்கென்று தனியாக ஒரு பைத்தான் சூழல் உண்டாகும். வீட்டுக் கணினியில் பேத்தி எதையாவது மாற்றினாலும் சங்கத்தின் நிரல் பாதிக்கப்படாது. பைத்தான் கோப்பு ஒன்று திறந்திருக்கும்போது, கீழே வலது மூலையில் எந்தப் பைத்தான் நடப்பில் இருக்கிறது என்று காட்டும். அது இந்தப் புதிய சூழலாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பாதித் தொல்லைகள் இங்கேதான் பிறக்கின்றன: சோதனைக் கருவியை ஒரு பைத்தானில் நிறுவிவிட்டு, இன்னொரு பைத்தானில் தேடுவது.

இடப்பக்கப் பட்டையில் ஆய்வகக் குடுவை போல ஒரு படம் இருக்கும். அதைத் தட்டினால் 'கான்ஃபிகர் பைத்தான் டெஸ்ட்ஸ்' என்ற பொத்தான் வரும். யூனிட்டெஸ்ட்டா பைடெஸ்ட்டா என்று கேட்கும். முன்னது பைத்தானோடு கூடவே வருவது. பின்னதைத் தனியே நிறுவ வேண்டும். எழுதுவது எளிது என்பதால் நான் பைடெஸ்ட்டை எடுத்தேன். எந்த ஃபோல்டரில் தேடுவது என்று கேட்கும்போது, இருக்கும் ஃபோல்டரையே காட்டினேன். சோதனைகளைத் தனி ஃபோல்டரில் வைப்பதுதான் முறை என்பார்கள். நான் அப்படி வைத்து, சோதனைக்கு நிரல் இருக்கும் இடம் தெரியாமல் ஒரு மாலைப் பொழுது வீணாயிற்று. சிறிய நிரலுக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். நாம் சொன்ன பதில்களை எடிட்டர் அந்த ஃபோல்டரிலேயே ஒரு சிறு அமைப்புக் கோப்பில் குறித்துவைத்துக்கொள்ளும். மறுநாள் மறுபடி கேட்காது.

சோதனைக் கோப்பின் பெயர் டெஸ்ட் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளிலும் ஓர் அடிக்கோட்டிலும் தொடங்கினால் கருவி அதைக் கண்டுகொள்ளும். உள்ளே எழுதும் ஒவ்வொரு சோதனையின் பெயரும் டெஸ்ட் என்றே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் கருவிக்கு அது கண்ணிலேயே படாது, பிழையும் காட்டாது. அந்த முன்னொட்டுக்குப் பிறகு தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தான் 3 ஏற்றுக்கொள்கிறது. என் முதல் சோதனைக்கு 'பதினொன்று பிப்ரவரி' என்று (இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு) பெயர் வைத்தேன். அதனுள் இரண்டு வரிகள்: தேதி படிக்கும் பகுதியிடம் 11-02-2009 என்பதைக் கொடு, வருவது 2009 பிப்ரவரி 11-தானா என்று 'அஸர்ட்' என்ற சொல்லால் உறுதி செய். அவ்வளவுதான்.

ஆனால் இதை எழுதுவதற்கு முன் ஒரு சங்கடம் இருந்தது. என் நிரல் தலையிலிருந்து கால்வரை ஒரே ஓட்டமாக எழுதப்பட்டது. தொடங்கியதும் 'அங்கத்தினர் எண் என்ன?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். சோதனைக் கோப்பு அதை உள்ளே அழைத்தவுடன் அந்தக் கேள்வியையும் கேட்கப் பார்த்தது. விடை சொல்ல ஆளில்லாமல் பிழையாயிற்று. குடுவைப் பக்கத்தில் சோதனைகளின் பட்டியலுக்குப் பதில் பிழைச் செய்திதான் தெரிந்தது. கீழே அவுட்புட் பலகையில் பைத்தான் பகுதியைப் பார்த்தபின்தான் காரணம் புரிந்தது. நிரலைப் பிரித்தேன். தேதியைப் படிக்க ஒரு பகுதி, பூர்த்தியான ஆண்டை எண்ண ஒன்று, தொகையைச் சொல்ல ஒன்று. கேள்வி கேட்பது தனி. உண்மையில் சோதனை எழுதியதால் கிடைத்த முதல் லாபம் இந்தப் பிரிவினைதான். மேஜையில் வைத்துப் பார்க்க ரிலே தனியாகக் கழன்று வரவேண்டும் அல்லவா?

சரி, பட்டியல் வந்தது. ஓட்டும் முக்கோணத்தை அழுத்தினேன். 'பதினொன்று பிப்ரவரி'க்கு நேரே சிவப்புக் குறி! எதிர்பார்த்தது 2009 பிப்ரவரி 11, வந்தது 2009 நவம்பர் 2 என்று எடிட்டர் காட்டியது. ஜனவரியில் இந்த ஒரு சோதனை இருந்திருந்தால் அரை நொடியில் தெரிந்திருக்கும்.

திருத்துவது சுலபம் என்று நினைத்தேன். நாளை முதலில் படி என்று அந்தத் தேதித் தொகுப்புக்கே ஒரு கட்டளை உண்டு. அதைச் சேர்த்தேன். சிவப்பு பச்சையாயிற்று. இம்முறை புத்தி வந்திருந்ததால், ஆண்டு முதலில் வரும் 2009-02-11 என்ற வடிவத்துக்கும் ஒரு சோதனை எழுதியிருந்தேன். இதுவரை பச்சையாக இருந்த அது இப்போது சிவப்பாகிவிட்டது! நாளை முதலில் படி என்றதும் அந்தத் தொகுப்பு, ஆண்டு முன்னால் இருந்தாலும், அடுத்ததை நாள் என்றே எடுத்துக்கொண்டு மறுபடி நவம்பர் 2 என்கிறது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஒழுகும் கதை. பழைய வழக்கப்படி நான் ஒரே ஒரு பெயரைப் போட்டுப் பார்த்திருந்தால், அந்த அம்மாவின் கணக்கு சரியாகி, வேறு யாருடைய கணக்கோ கெட்டிருக்கும்.

ஊகிக்கும் தொகுப்பே வேண்டாம் என்று தூக்கிவிட்டேன். இப்போது நிரல் மூன்று வடிவங்களை மட்டும், அதுவும் வரிசை மாறாமல், ஏற்கும். மற்ற எதுவானாலும் நின்றுவிடும். நிற்கிறதா என்பதற்கும் சோதனை உண்டு. 31-02-2009 என்று கொடுத்தால் பிழை காட்ட வேண்டும். வெற்றிடம் கொடுத்தாலும் அப்படியே. பிழை வந்தால்தான் இந்தச் சோதனைகள் பச்சையாகும். ட்ராக் சர்க்யூட்டைச் சோதிக்கும்போது தண்டவாளங்களுக்குக் குறுக்கே 0.5 ஓம் தடையை வைத்து ரிலே விழுகிறதா என்று பார்ப்போம். வண்டி இல்லாதபோது பச்சை வருவதை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டோம். அதனால்தான் ஒவ்வொரு சோதனையை எழுதியதும் நிரலில் வேண்டுமென்றே ஒரு தப்பைப் புகுத்தி, சிவப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். என்ன கெடுத்தாலும் பச்சையாகவே இருந்த சோதனை ஒன்று அகப்பட்டது. அஸர்ட் வரியையே எழுத மறந்திருந்தேன்.

விடையை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு தவறு செய்தேன். நிரல் தந்த தொகையையே 'வரவேண்டிய விடை' என்று சோதனையில் எழுதிவிட்டேன். தானே எழுதி, தானே திருத்தி, தானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்வது போல. ஒயர் போட்டவரே எண்ணிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பழைய பாடம். பொருளாளரிடம் பத்துத் தேதிகளைக் கொடுத்து, கணினியைத் தொடாமல் காகிதத்தில் கணக்கிடச் சொன்னேன். அவர் காலண்டரை வைத்துக்கொண்டு எழுதிக்கொடுத்த விடைகள்தான் இப்போது உள்ளே இருப்பவை. 15 ஆண்டு முடிவதற்கு முந்தைய நாள், முடியும் நாள், மறுநாள் என்று விளிம்புகளாகத் தேடிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் ஒரு கேள்வி கேட்டார். "சார், 2008 பிப்ரவரி 29-ல சேர்ந்தவங்களுக்கு 2023-ல என்னிக்கு பதினஞ்சு வருஷம் முடியும்?" அந்த நாளில் சேர்ந்தவர் ஒருவர் நம்மிடம் இருக்கிறார். நிரலில் 2023 பிப்ரவரி 29 என்று ஒரு தேதியை உண்டாக்க முயன்றால் பைத்தான் மறுத்துவிடும். பிப்ரவரி 28-ஆ, மார்ச் 1-ஆ? நம் விதிகளில் இதற்கு வழியில்லை. நானே ஒன்றை முடிவு செய்து எழுதியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திராது. செயற்குழுவில் வைத்தேன். அங்கத்தினருக்குச் சாதகமாகப் பிப்ரவரி 28 என்று தீர்மானமாயிற்று. அதுவும் இப்போது ஒரு சோதனை.

சோதனை சிவப்பானால் காரணம் தேடுவதற்கும் எடிட்டரில் வசதி உண்டு. ஓட்டும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'டீபக் டெஸ்ட்' இருக்கிறது. சந்தேகப்படும் வரியின் ஓரத்தில் தட்டி ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு அதை அழுத்தினால், நிரல் அந்த வரிக்கு வந்ததும் நிற்கும். அந்தக் கணத்தில் எந்தப் பெயருக்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் போவதுதான். எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பெயரேட்டில் தட்டச்சு செய்தவர் 2009-ஐ 2019 என்று அடித்திருந்தால் எந்தச் சோதனையும் கண்டுபிடிக்காது. அதற்காக இரண்டு தொண்டர்கள் எல்லா அங்கத்தினர்களின் தேதிகளையும் பழைய ரசீதுப் பிரதிகளோடு ஒப்பிட்டு வருகிறார்கள். உங்கள் வீட்டில் முதல் ரசீது இருந்தால் தயவுசெய்து ஒரு நகல் கொடுங்கள்.

அந்த அம்மாவிடம் மீதி 20,000 ரூபாயை நானும் தலைவரும் வீட்டுக்கே போய்க் கொடுத்தோம். ஜனவரிக்குப் பின் நடந்த இன்னொரு பட்டுவாடாவையும் சரிபார்த்தோம்; அதில் பிழையில்லை. "பணத்துக்காக வரலை அண்ணா, அந்தத் தேதி தப்பாயிடக் கூடாதுன்னுதான்" என்றார் அவர். சோதனைக்கு நான் வைத்த பெயரை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது சங்கக் கணினியில் 23 சோதனைகள் இருக்கின்றன. நிரலை யார் தொட்டாலும், தொட்டபின் குடுவைப் பக்கத்தில் எல்லாவற்றையும் ஓட்டி, தேதியும் முடிவும் எழுதி, அலமாரியில் உள்ள நீல நோட்டில் கையெழுத்திட வேண்டும். திருத்தியவர் ஒரு கையெழுத்து, பார்த்தவர் ஒரு கையெழுத்து. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் யாரேனும் அந்த இரண்டாவது கையெழுத்துக்கு முன்வந்தால் நல்லது. ஞாயிறு காலை 10 முதல் 12 வரை சங்க நூலகத்தில் இருப்பேன். மடிக்கணினி இருந்தால் கொண்டுவரவும். நூலகத்தில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான் வேலை செய்கிறது.